சாட்சிக் கூண்டில் அவர் சொல்லாத பொய்

என் மகள் அவளுடைய அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லை என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. நீதிமன்றத் தாள். எழுதிக் கொடுத்தவர் அவளுடைய அப்பா. மாரியம்மன் தாயை நம்பும் சகோதரிகளே, அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. எனக்கு இருபத்திரண்டு.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளெல்லாம் கொதித்துக் கிடந்த காலம். தலைப்பிரசவத்துக்குக் கல்வராயன் மலையடிவாரத்து அம்மா வீட்டுக்கு வந்த என்னை, கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருந்த என் கணவர் திரும்ப அழைக்கவே இல்லை. விவாகரத்து மனுப் போட்டார். சம்மனோடு கோர்ட் அமீனா வந்தபோது அம்மா என்னை உள்ளே இழுத்தாள்.

"கையெழுத்துப் போட்டாத்தானடி கேசு. வாங்காத."

வாங்கவில்லை. வாங்காவிட்டால் வழக்கே இல்லை என்று நம்பினோம். அமீனா 'வாங்க மறுத்தார்' என்று எழுதிக்கொண்டு போனார். சட்டத்தில் அது வாங்கியதற்குச் சமமாம். தம்பிதான் விசாரித்து வந்து சொன்னான். மனுவில் இருந்ததையும் சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். வாய்தாவுக்கு நான் போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு. அந்தப் பொய்யே என் பிள்ளையின் பிறப்பாகிவிடும்.

மாரியம்மன் முன்னால் விழுந்தேன். அந்தச் சொல் அழியட்டும் என்று கேட்டேன். அவர் திரும்பி வரட்டும் என்றும் கேட்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டேன்.

வாய்தா நாளில் பஸ் இல்லை. மறியலுக்காகச் சாலைக்குக் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. மரம் அறுத்தவர்களில் என் தம்பியும் ஒருவன்.

"எங்கக்கா, புள்ளயத் தூக்கிகினு?"

"கோர்ட்டுக்கு."

"கோர்ட்டு இன்னிக்கு இன்னா நடக்கப்போவுது. ஜட்ஜே எங்க மரத்தத் தாண்டித்தான் வரணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நகராமல் நின்றதும் அவன் சிரிப்பு போனது. கிளைகளை விலக்கி என்னை ஏற்றிவிட்டு, பிள்ளையை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தான். "அவுரு இன்னா சொன்னாலும் அங்க அழுவாத," என்றான்.

நடந்தேன். அறுபட்ட மரங்களின் பச்சை மணம் வழியெல்லாம் கூடவே வந்தது. தாயே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

நீதிபதி நகரத்திலேயே குடியிருந்தார். கோர்ட் நடந்தது. டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டு முடித்திருந்தார். நான் வராதவளாகப் பதிவாகிவிட்டேன். ஆனால் ஒருதலை வழக்கிலும் மனுப் போட்டவர் கூண்டேறிச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அவர் ஏறியிருந்தார். நான் வாசற்படியில், அவர் முதுகுக்குப் பின்னால். அவர் என்னைப் பார்க்கவில்லை. எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பார்க்கவில்லை.

"குழந்தை உங்களுடையது இல்லைன்னு எழுதியிருக்கீங்க. சத்தியமா அப்படித்தானா?" நீதிபதி கேட்டார்.

அவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க ஐயா. எம் புள்ளதாங்க. சீக்கிரம் முடியும்னு எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். ஆனா அவகூட இருக்க முடியாதுங்க."

ஒரே மூச்சில் எனக்கு வரம் வந்தது. அதே மூச்சில் வாழ்வு போனது.

நான் வந்திருப்பதைச் சொன்னதும், வராதவள் என்று எழுதியதை நீதிபதி நீக்கினார். அந்த மனுவை என் கணவர் திரும்பப் பெற்றார். பிறகு இருவரும் சேர்ந்து பிரிவு கேட்டு வேறு மனுப் போட்டோம். சட்டம் ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னது. செவ்வாய்தோறும் விளக்கேற்றினேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்தேன். அவர் வரவில்லை. ஆறு மாதம் கழித்து, சம்மதமா என்று மறுபடி கேட்டார்கள். சம்மதம் என்றேன். அதைச் சொல்லுமுன் எனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

தாய் ஒன்றைத் தந்தாள், ஒன்றைத் தரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டேதான் இன்னும் கும்பிடுகிறேன். இப்போது என்னைப் போன்ற பெண்களோடு நானும் கோர்ட் வராந்தாவில் துணைக்குப் போய் நிற்கிறேன்.

மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் அப்பா பெயர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள், கணீரென்று. வாத்தியார் எழுதிக்கொண்டார். நெஞ்சில் இருப்பதை முழுதாக அம்மனிடம் சொல்லுங்கள், சகோதரிகளே. பாதிதான் கிடைத்தாலும், ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து நிற்க அந்தப் பாதி போதும்.