முயலுக்கு வைத்த சோதனை

இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். தெருவே அவரை ‘செக்கர்’ என்றுதான் கூப்பிடும். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காத மூஞ்சியாகவே அவருக்குத் தெரியும். பெற்ற தாயே ஏறினாலும் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பிறவி. அவர் நம்பிய ஒரே ஜீவன் வீட்டிலிருந்த வெள்ளை முயல்தான்.

பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. அதற்குப் புல்தான் சாப்பாடு. பழம் என்றால் வாரத்துக்கு இரண்டே நாள், விதை எடுத்த ஆப்பிள், கட்டைவிரல் நகம் அளவு. மிருக டாக்டரம்மா சொன்னதை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தார். அப்படியும் ஒரு மாதமாக முயல் புல்லைச் சரியாகத் தொடவில்லை, வயிறும் உப்பிக்கொண்டே வந்தது.

யாரோ கள்ளத்தனமாகப் பழம் கொடுக்கிறார்கள். யாராக இருக்கும்? கூடவே தங்கிப் பழக்கடைக்கு வேலைக்குப் போகும் மனைவியின் தம்பிதான், வேறு யார்? அவன் பையைத் துழாவினார், சட்டையை மோந்து பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே அவருக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது.

“மாமா, நான் முயல் பக்கமே போறதில்ல.”

“எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையா இருக்கு.”

அன்றே மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அக்காக்காரி அழுதாள்.

அவன் போன மூன்றாம் நாள் முயல் புழுக்கை போடுவதையே நிறுத்திவிட்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி மூலையில் ஒடுங்கியது. செக்கர் அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மனைவியோடு டாக்டரம்மாவிடம் ஓடினார்.

“இனிப்பு நிறைய உள்ள போயிருக்கு. என்ன குடுத்தீங்க?”

“நான் ஒண்ணும் குடுக்கல டாக்டர். வேற யாரும் குடுத்தாங்களான்னு சோதிச்சுப் பாப்பேன், அவ்வளவுதான்.”

“எப்படிச் சோதிப்பீங்க?”

“ஒரு உலர்திராட்சைய நீட்டுவேன். லபக்குன்னு வாங்கினா வயிறு காலி. யோசிச்சு மோந்துச்சுன்னா எவனோ குடுத்திருக்கான்னு அர்த்தம். காஞ்சதுதானே, அது பழத்துல சேருமா?”

“காஞ்சதுலதான் சர்க்கரை மொத்தமும் இருக்கும். நாளைக்கு எத்தன தடவ சோதிப்பீங்க?”

வேலைக்குப் போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று, குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மச்சான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம்... விரல் விட்டு எண்ணியவர் இரண்டாவது கைக்குப் போனதும் நிறுத்திக்கொண்டார்.

“பொழச்சுக்கும்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஊசியை எடுத்தார்.

வெளியே வந்ததும் மனைவி கூடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“என் தம்பிய நீங்களே போய்க் கூப்பிடுங்க. அவன் வரமாட்டேன்னு சொன்னா, நானும் முயலும் அங்க போயிடறோம்.”