எமிலியானா நற்கருணை வாங்காத வருடங்கள்

எமிலியானா ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரம் மூட்டுவாள். காத்தான்குடியிலிருந்து துணி வியாபாரி ஜெமீலா கொண்டுவரும் துணியின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பதுதான் வேலை. கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், வாங்குகிறவர் கவனிக்காத இடமென்றாலும் பிரித்து மறுபடி தைப்பாள்.

ஞாயிறு பூசைக்கு நேரத்தோடு போய்விடுவாள். நற்கருணை வாங்க மற்றவர்கள் வரிசையில் போகும்போது அவள் மட்டும் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருப்பாள். தொண்ணூறாம் ஆண்டிலிருந்து அப்படித்தான். வாவிக்கரையில் இருந்த அந்தச் சிறு பங்கில் அதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். ஒன்றும் நல்ல காரணமல்ல.

ஜெமீலாவும் ஒருமுறை கேட்டாள். "என்னகா, நீ மட்டும் குந்திக்கொண்டு இருக்கயாம். சாமிக்கும் ஒனக்கும் கோவமா?"

"கோவமில்ல றாத்தா. யோசின ஒண்டு."

"யோசினய வெச்சிட்டு எண்ட சாரத்தத் தா. ஆள் வந்து நிக்கிறான்."

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் அவளுக்கு முதற்பிள்ளை பிறந்தது. பெண். தலைப்பிள்ளைக்குத் தாயின் அண்ணன்தான் ஞானத்தகப்பனாக நிற்பது அவர்கள் வழக்கம். அண்ணன் வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேலையில் இருந்தார். சண்டை தொடங்கித் தோணிகள் நின்றுவிட்டன. அந்தர அவசரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எமிலியானாவுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் வரட்டும் என்று காத்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பங்கில் ஞானோபதேசம் படிப்பித்த சந்தியோ உபதேசியார் பிள்ளையைக் கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்கு வெளியே வேலியோரம் புதைக்கச் சொன்னார். அழுதுகொண்டுதான் சொன்னார். ஞானஸ்நானம் பெறாத குழந்தை லிம்போ என்ற இடத்துக்குப் போகும்; அங்கே வேதனை இல்லை, ஆண்டவரின் முகத்தைக் காண்பதும் இல்லை. அவர் ஞானோபதேசத்தை முழுவதும் பாடமாக்கியவர். திரித்துவமும் லிம்போவும் வெள்ளிக்கிழமை மாமிசம் தின்னாமையும் அவர் வாயிலிருந்து ஒரே நிறையோடு வரும். கேட்டவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

எமிலியானா அதை அதன் முடிவுவரை யோசித்தாள். பிள்ளை மோட்சத்தில் இல்லை. தான் நல்லபடி செத்தால் மோட்சத்துக்குப் போக வேண்டிவரும்; பிறகு பிள்ளையை ஒருபோதும் காண முடியாது. நரகத்துக்குப் பயம். நற்கருணையை விட்டுவிட்டால் தன்னையும் பிள்ளைக்குக் கிட்ட எங்காவது விடுவார்கள் என்று முடிவு செய்தாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஏழு சித்திரையின் கடைசியில், வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கோயில் வளவில் கூடாரம் போட்டிருந்தார்கள். அப்போது புதிதாக வந்திருந்த பங்குச் சுவாமி, ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகளைப் பற்றி உரோமையில் ஓர் அறிக்கை வந்திருக்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னார். பூசை முடிந்ததும் எமிலியானா அவரிடம் போனாள்.

"சுவாமி, இது பாப்பரசர் தவறாவரத்தோட சொன்னதா?"

"இல்லக்கா. வேதசாத்திரிகள் எழுதினது. வெளியிட அவர் சம்மதிச்சிருக்கார். மாதா ஆத்தும சரீரத்தோட மோட்சத்துக்கு எடுக்கப்பட்டா எண்டு ஐம்பதாம் ஆண்டு பிரகடனம் செய்தாங்களே, அதுதான் தவறாவரத்தோட சொன்னது. அத நாம கட்டாயம் நம்பணும்."

"அப்ப லிம்போவ எந்தப் பாப்பரசர் அப்பிடிச் சொன்னவர்?"

"ஒருத்தரும் சொல்லல்ல. பொதுச்சங்கமும் சொல்லல்ல. கனகாலம் படிப்பிச்ச விளக்கம் அது. ஆனா விசுவாசக் கட்டளையா ஒருநாளும் இருந்ததில்ல."

"உபதேசியார் பொய் சொன்னவரா?"

"தனக்குப் படிப்பிச்சதச் சொன்னவர். எதுக்கு எவ்வளவு நிறை எண்டு அவருக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்ல."

"இப்ப பிள்ளயள் மோட்சத்தில எண்டு நிச்சயமாச் சொல்லுறாங்களா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். சுவாமி அப்படிச் சொல்லவில்லை. "நிச்சயம் எண்டு சொல்லல்ல. ஆண்டவர்ர இரக்கத்த நம்பி இருக்கக் காரணம் இருக்கு எண்டு சொல்லுறாங்க."

அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சுவாமி அவளுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார்.

"மோட்சத்துக்குப் போகாம இருக்கப் பாடுபட்ட ஆள நான் இப்பதான் காணுறன்."

அவள் இலேசாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பிள்ள அங்கதான் எண்டா, அது என்னப் பாத்துக்கொண்டு நிக்குமே சுவாமி. நான் வராம விட்டா?"

"அதத்தான் நானும் யோசிக்கிறன்."

அன்றே பாவசங்கீர்த்தனம் செய்தாள். அடுத்த ஞாயிறு வரிசையில் நின்றாள். வாங்கில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்னால் போனவர்கள் கையை நீட்டி நற்கருணையை வாங்கினார்கள். அவள் வாங்கிய காலத்தில் நாவில்தான் கொடுப்பார்கள். அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தாள். சுவாமி நாவிலேயே வைத்தார்.