சுமை ஏறினால் நடுங்கும் வண்டி

லாண்டரி அக்காவின் பழைய பிக்அப் வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் நடுங்கும். ஐம்பதில் ஒன்றும் இருக்காது. எழுபதைத் தாண்டினால் அடங்கிவிடும். இடைப்பட்ட வேகத்தில் மட்டும் இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் உதறல் கிளம்பி முதுகுத்தண்டில் ஏறும். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் மூட்டைகட்டி ஏற்றிக்கொண்டு புறவழிச்சாலையில் தினமும் போய்வருகிறவள் அவள். துவைத்ததைக் கொடுத்துவிட்டு, அழுக்கை அள்ளிக்கொண்டு திரும்புவாள். போகும்போதும் பாரம், வரும்போதும் பாரம்.

இதில் கூத்து என்னவென்றால், அவள் புருஷனே மெக்கானிக். சும்மா மெக்கானிக் இல்லை. பட்டறைத் தெருவில் அவருக்கு ‘டாக்டர்’ என்றே பேர். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவாராம். அப்படிப்பட்டவர் வீட்டு வண்டிதான் வருஷக்கணக்காக உதறிக்கொண்டு கிடந்தது.

அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தார், மூன்று நான்கு தடவை பார்த்தார். ஆனால் டாக்டரின் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு: எந்த வண்டியும் சரக்கோடு உள்ளே வரக்கூடாது. எப்போதோ ஒரு வாடிக்கையாளரின் வண்டியிலிருந்து மின்விசிறிப் பெட்டி காணாமல் போய், விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் வரை இழுத்தடித்தது. அன்றிலிருந்து இந்தச் சட்டம். பெண்டாட்டிக்கும் விலக்கு கிடையாது. அவள் மூட்டைகளையெல்லாம் வீட்டு வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுக் காலி வண்டியைக் கொண்டுபோய் விடுவாள். அவர் சக்கரங்களைக் கழற்றி சமநிலை பார்ப்பார், முன் டயரைப் பின்னால் மாற்றுவார், ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு தனியாக எடுத்துக்கொண்டுபோய் அதே சாலையில் அதே அறுபதில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவார்.

“வண்டி வெண்ணெய் மாதிரி போகுது. உனக்குத்தான் என்னமோ ஆகிடுச்சு.”

கை துடைத்துக்கொண்டே சொன்ன வார்த்தை. சொன்ன மறுநிமிஷம் அவருக்கு மறந்தும் போயிருக்கும். ஆண்பிள்ளைகள் இப்படிப் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். கேட்டவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பாள்.

அவள் அப்பாவுக்கு நடுக்க நோய் இருந்தது. முதலில் வலது கையில் இரண்டு விரல், பிறகு கை, பிறகு தாடை. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். சில குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்கும் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதை அவள் பக்கத்திலிருந்து கேட்டிருந்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் கையை நீட்டிப் பார்ப்பாள். விரல்களுக்குள் ஏதோ கிறுகிறுவென்று ஓடிக்கொண்டிருக்கும். நீட்டிய கை லேசாக ஆடும். வண்டியில் ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்படியானால் ஆடுவது யார்?

அவள் யாரிடமும் கேட்கவில்லை. பரிசோதனைக்கும் போகவில்லை, தெரிந்துகொண்டு மட்டும் என்ன செய்யப்போகிறோம் என்று விட்டுவிட்டாள். அழுகையெல்லாம் வரவில்லை. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போனில், “என்னம்மா, பேச்சே காணோம்?” என்பாள். “ஒண்ணுமில்ல, வேலை” என்பாள் இவள். போன வருஷம் அப்பா செத்துப்போனபோதும் கூடத்து மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கல்நெஞ்சுக்காரி என்று சித்தி காதுபடவே சொன்னாள். அதுவும் யாரையோ சொல்வதுபோலத்தான் கேட்டது.

இந்த மாதத்தோடு வண்டியை விற்றுவிட்டு ஓட்டல் வேலையையும் விட்டுவிடுவதாகப் போன வாரம் புருஷனிடம் சொன்னாள். அவர் காரணம் கேட்கவில்லை. உன் இஷ்டம் என்றார். அவள் சொந்தமாகத் தொடங்கி, சொந்தக் கையால் ஓட்டி வளர்த்த தொழில் அந்த இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது.

அன்று காலை டாக்டரின் பைக் கிளம்பவில்லை. உதிரிபாகக் கடை புறவழிச்சாலையின் அந்தக் கோடியில் இருந்தது. வேறு வழியில்லாமல், கிளம்பிக்கொண்டிருந்த பெண்டாட்டியின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் துவைத்த விரிப்புகள் கூரை உயரத்துக்கு. அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த வேகத்திலேயே மூட்டை கட்டிய லட்சணத்தைக் குறை சொல்ல ஆரம்பித்தார். பிறகு கண்ணாடி, பிறகு அவள் கியர் மாற்றும் விதம். சாலை காலியானதும் வழக்கம்போல வேகத்தைக் கூட்டினாள்.

அறுபது வந்தது. டாக்டர் பாதிப் பேச்சில் நிறுத்தினார்.

குனிந்து, உள்ளங்கையை வண்டியின் தரைத் தகட்டில் வைத்துப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார், அது ஆடவில்லை. முன்சக்கரம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நியூட்ரலில் போடச் சொன்னார். இன்ஜின் சத்தம் இறங்கியது, வண்டி உருண்டுகொண்டே உதறியது. அப்படியானால் இன்ஜினும் இல்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, துவைத்த சட்டை என்றும் பார்க்காமல் வண்டிக்கு அடியில் புகுந்தார்.

அவள் இறங்கி நின்றாள். லாரிகள் போயின. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தாள். படபடக்கவில்லை.

வெளியே வந்தவர் முகத்தில் பெரிய சந்தோஷம். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் நீளமானது, அதனால் இரண்டு துண்டு. இரண்டும் சேரும் இடத்தைத் தாங்குகிற நடு பேரிங், ஒரு ரப்பர் வளையத்துக்குள் தொங்குகிறது. அந்த ரப்பர் கிழிந்திருக்கிறது. காலி வண்டியில் கிழிசல் வாயை மூடிக்கொண்டிருக்கும், ஷாஃப்ட்டும் நேராகச் சுற்றும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் ஷாஃப்ட்டின் கோணம் மாறும், கிழிசல் திறக்கும், ஷாஃப்ட் துள்ளும். மண்ணைத் தட்டிக்கொண்டே இவ்வளவையும் சொல்லி முடித்தார்.

“சின்ன விஷயம். அரை நாள் வேலை. சுமையோட பார்த்தாத்தான் இது தெரியும். காலி வண்டியில எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது.”

“அப்ப வண்டிதானா?”

“வண்டிதான். வேற என்ன?”

“நான் இல்லையே?”

அவருக்குப் புரியவில்லை. “நீ என்ன பண்ணே? நல்லாத்தான ஓட்டுற” என்றார். அவள் வலது கையை நீட்டிப் பார்த்தாள். இப்போதும் கொஞ்சம் ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். லாரி ஒன்று போய் மறைவதற்குள் ஆட்டம் குறைந்தது. அப்புறம் நின்றே விட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் அவள் அதுவரை காத்திருந்ததில்லை. ஆடுவதைக் கண்டதுமே கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு விடுவாள்.

“எனக்குத்தான் என்னமோன்னு சொன்னீங்க” என்றாள். குரல் உயரவில்லை. “எங்க அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நினைச்சேன்.”

“பைத்தியமா நீ? எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேனே. வண்டி நடுங்குதுன்னு எத்தனை தடவ சொன்னேன்.”

அவர் முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கையிலிருந்த கிரீஸைத் துடைக்கத் துணி தேடினார். பின்னால் முழுக்க வெள்ளை விரிப்புகள்தான் இருந்தன. கைகளை அப்படியே விரித்துப் பிடித்தபடி நின்றார்.

“கடைசி நாலு மாசம் அப்பா படுக்கையில கிடந்தார். நீங்க போய்ப் போய்ப் பார்த்துட்டு வந்தீங்க. நான் ஒரு தடவகூடப் போகல. ஓட்டல்ல சீசன், வேலை இருக்குன்னு சொன்னேன். வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல. அவர் கையப் பார்த்தா எனக்கு வரப்போறதத்தான் பார்க்கணும். அதுக்கு பயந்துதான் போகல.”

அந்த நாலு மாதமும் கிழவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததை அவர் கண்ணால் கண்டவர். மகள் ஞாயிற்றுக்கிழமை வருவாள் என்று ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னவரும் அவர்தான். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், மத்தியானத்துக்குள் பேரிங்கை மாற்றிவிடுகிறேன், வண்டியை விற்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவரும் ஏறும்வரை காத்திருந்தாள். சாவியைத் திருப்பும் முன் அவரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“அப்பா இருந்தப்பவே நீங்க ஒரு தடவ இந்த வண்டியில ஏறியிருக்கலாம்.”