தண்ணீரை விழுங்காத சித்தாள்

பிள்ளைகளே, நம் வெளிப் பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கி டைல்ஸ் பெயர்ந்ததால் உடைத்துப் போட்டோமே, அன்று நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். மேஸ்திரியோடு ஒரு சித்தாள் அக்கா வந்திருந்தார்.

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டுச் சும்மாடு. ஈர மண்ணையும் உடைந்த டைல்ஸையும் சட்டி சட்டியாகச் சுமந்தார். தண்ணீர் கொடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார், விழுங்கமாட்டார். அம்மா கொடுத்த மோரையும் மேஸ்திரியிடமே நீட்டிவிட்டார்.

"ஏம்மா, இந்த வெயில்ல குடிக்காம எப்படி?" என்றேன்.

"குடிச்சிட்டு எங்கண்ணா போறது? எங்க ஒதுங்கறதுன்னு மேஸ்திரி கேட்டதுக்கு ரோட்டுக்கு அந்தாண்ட கை காட்டுனீங்க. அவரு லாரி மறைவுல நின்னுட்டு வந்துட்டாரு. நானும் போயி நிக்கட்டுங்களா?" என்று சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வீட்டுக்குள் இன்னொரு பாத்ரூம் இருக்கிறது. சாமி அறையைத் தாண்டி வேலையாட்கள் வரவேண்டாம் என்று காலையிலேயே நடுக்கதவைச் சாத்தியவன் நான்தான்.

"உள்ள போயிட்டு வாம்மா."

"காலெல்லாம் சேறுங்கண்ணா. வூட்டுக்கே போயிக்கறேன்."

அவர் வீடு கம்பைநல்லூர் பக்கம், பஸ்ஸில் போகவேண்டும். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நாளைக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"நாளைக்கு டைல்ஸ் ஒட்டறதுதானுங்க. எனக்கு வேலையில்ல."

அவர்கள் போனபிறகு, அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்தும், நடுக்கதவைத் திறந்துவைத்து உள் பாத்ரூமைத் தேய்த்துக் கழுவி, ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன்.