தானே செய்கிறார்

அந்தச் செயலி எங்கள் வீட்டுக்கு வந்தது போன ஆண்டு ஆனி மாதக் கடைசியில். நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ரயிலில் மொரப்பூர் வந்து, அங்கிருந்து பேருந்தில் ஊருக்குப் போய், ஞாயிறு மாலை திரும்புவது வழக்கம். ஆகவே சனி, ஞாயிறுகளில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். மற்ற நாட்களில் நடந்ததை அம்மாவிடமும் தங்கையிடமும் தனித்தனியாகக் கேட்டு, இருவர் சொன்னதும் ஒத்துப்போனதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தங்கைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் வலக் கையும் வலக் காலும் இறுகிப்போயின. காலை இழுத்து நடப்பாள். பேச்சு மெதுவாக வரும். காத்திருந்தால் முழு வாக்கியமாக வரும். பெரும்பாலும் யாரும் காத்திருப்பதில்லை. அவளிடம் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்லிவிடுவாள்.

மாற்றுத்திறனாளிகள் ஊரோடு சேர்ந்து வாழ உதவும் ஒரு டிரஸ்ட் அரூரில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்கூட்டரில் வந்த பெண், தங்கையிடம் போன் இல்லாததால், அம்மாவின் போனில் செயலியைப் போட்டுக் கொடுத்தார். மாலையானால் அது பெண் குரலில் கேட்கும்: குளியல், சாப்பாடு, மாத்திரை, வீட்டு வேலை, வெளியே போய்வருதல், வலிப்பு. பதிலுக்கு மூன்று பொத்தான்கள். பச்சை என்றால் ‘தானே செய்கிறார்’. மஞ்சள் என்றால் ‘துணையோடு செய்கிறார்’. சிவப்பு என்றால் ‘செய்ய இயலவில்லை’. வலிப்புக்கு மட்டும் ‘வந்தது’, ‘வரவில்லை’ என்று இரண்டு. அம்மா தினமும் தவறாமல் அழுத்தினாள். அவள் எதை அழுத்துகிறாள் என்று நானும் பார்க்கவில்லை, தங்கையும் பார்க்கவில்லை.

ஆடியில் டிரஸ்ட் நடத்திய கூட்டத்துக்கு அம்மா தங்கையை அழைத்துப் போனாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் மதியச் சாப்பாடு. தங்கையைப் போன்ற மூன்று பெண்கள் அங்கே சேர்ந்து குடியிருக்கிறார்கள்; துணைக்கு ஒரே ஒரு பணிப்பெண். அந்த வாரச் சனிக்கிழமை நான் ஊருக்கு வந்தபோது தங்கை எனக்குச் சொன்ன சேதி ஒன்றுதான்.

“என்ன கொழம்பு வெக்கலாம்னு... என்னையும் கேட்டாங்கண்ணா.”

“நீ என்ன சொன்ன?”

“புளிக்கொழம்பு.”

“வெச்சாங்களா?”

“ஓட்டுல தோத்துட்டேன். சாம்பார்.”

அந்த மூவரில் ஒருத்திக்குக் கார்த்திகையில் கல்யாணம் என்றும் அவள் இடம் காலியாகும் என்றும் விசாரித்து வந்திருந்தாள். அங்கே போய் இருக்க வேண்டும் என்றாள். “இங்க என்ன கொறையாம் அவளுக்கு?” என்று அம்மா கேட்டாள், என்னைப் பார்த்து. இருந்தாலும் நான் டிரஸ்டுக்குப் போன் செய்து தங்கையின் பெயரைச் சொல்லி வைத்தேன்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை ஒரு பெட்டியில்; ஒரு மூட்டை டயப்பர். கூட வந்தவர் பிசியோதெரபி பார்க்கும் இளம்பெண். முன்பு வந்தவரைச் சித்தேரி மலை ஊர்களுக்கு மாற்றிவிட்டதால் இவர் முதல் முறையாக வருகிறார். தங்கை வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை வைத்துவிட்டுப் போய் வேலிப் படலைத் திறந்துவிட்டாள்.

“பேஷண்ட் உள்ள இருக்காங்களாங்க?” என்றார் வந்தவர்.

“எந்த பேஷண்ட்டுங்க?”

அவர் போனைப் பார்த்துப் பெயரைப் படித்தார்.

“அது... நான்தாங்க.”

அவர் போனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். ஆட்டோக்காரர், “மேடம், மெத்தைய எறக்கட்டுங்களா, வேணாங்களா?” என்று இரண்டு முறை கேட்டார்.

உள்ளே உட்கார்ந்து அவர் பதிவுகளைத் திறந்து காட்டினார். ஆனியிலிருந்து அன்றுவரை மேலிருந்து கீழே சிவப்பு. “இதுப்படி உங்க பொண்ணு படுத்த படுக்கைங்கம்மா” என்றார்.

தங்கை போனை வாங்கி அடிவரை தள்ளிப் பார்த்தாள். “ம்மா, நேத்து நான் குளிச்சனா?”

“குளிச்ச.”

“சோறு?”

“தின்ன.”

“அப்பறம் ஏன் செவப்பு?”

அம்மா பிசியோதெரபிப் பெண்ணிடம் சொன்னாள்: “கவர்மெண்டுல பாப்பாங்கன்னு நெனச்சேனுங்க மேடம். தானே செய்யறான்னு அமுக்கிப்புட்டு, நாளைக்கு உதவித்தொகைய நிறுத்திட்டாங்கன்னா?”

இதை அம்மாவின் அறியாமை என்று எழுதிவிட முடியாது. உதவித்தொகைக்கு வேண்டிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாமுக்கு நானும் இருமுறை போயிருக்கிறேன். வரிசையில் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவருக்குச் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: டாக்டர் முன்னால் நடந்து காட்டாதே. முகாம் முகாமாக அதைக் கேட்டு வந்தவள், கேள்வி கேட்கும் எதற்கும் அதே பதிலைத்தான் சொல்லுவாள்.

“உதவித்தொகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. இது எங்க டிரஸ்ட் ஆப். அரூர் வூட்டுக்கு யார எடுக்கறதுன்னு இதப் பாத்துத்தான் முடிவு பண்றோம். செவப்பா இருந்தா அந்த வூட்டுக்கு எடுக்க மாட்டோம், மெத்ததான் குடுப்போம்.”

“படுத்த படுக்கதான்... ஒங்களுக்கு வந்து படல் தொறந்துச்சு” என்றாள் தங்கை.

மெத்தை ஆட்டோவிலேயே திரும்பிப் போனது. இனித் தங்கையே அழுத்த வேண்டும், இன்றிலிருந்து வரும் பதிவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், கார்த்திகையில் முடிவு என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தப் பெண்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் மெதுவாக நடந்தது. அதுவரை தண்ணீர் மொண்டு ஊற்றுவதும் சோறு பிசைந்து வைப்பதும் அம்மா. கேட்டுச் செய்ததில்லை, தங்கை கை நீட்டுவதற்குள் செய்திருப்பாள். இப்போது விலகி நிற்க வேண்டியிருந்தது. நான் பார்த்த ஒரு ஞாயிறு காலை, குளியலறைக் கதவருகே போய்ப் போய் நின்றாள்.

“முடிஞ்சுதா பாப்பா?”

“தண்ணி முடிஞ்சுது. குளியல் முடியல.”

அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டாள். அன்று காட்டில் வேலை எதுவும் இல்லை.

தங்கை அழுத்தியதை நான் கூடவே இருந்து பார்த்தேன். குளியலுக்குப் பச்சை. சடை பின்ன அம்மா வேண்டியிருந்தது; அதற்குத் தனிக் கேள்வி இல்லாததால் வீட்டு வேலையோடு சேர்த்து மஞ்சள். அடுத்த வாரம் சடையை வெட்டிக் கழுத்தளவாக்கிக்கொண்டாள். சமையலில் சட்டியை இறக்கியது அம்மா என்பதற்காக மறுபடி மஞ்சள். “சட்டி எறக்குனதுக்கெல்லாமா மஞ்ச அமுக்குவாங்க? பச்சைய அமுக்கு” என்றாள் அம்மா. தங்கை கேட்கவில்லை.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு மதியம் அவளுக்கு வலிப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். சற்று நேரத்தில் அடங்கித் தூங்கிப்போனாள். மாலையில் எழுந்து உட்கார்ந்தபோது போன் கேட்டது: இன்று வலிப்பு வந்ததா?

அம்மா குறுக்கே கையை வைத்தாள். “வரலன்னு அமுக்கு. வந்துச்சுன்னு போட்டா அரூர்ல எடம் தர மாட்டாங்க.”

“வந்துச்சே.”

“யாரு பாத்தா?”

“நான் பாக்கல. நீங்க ரெண்டு பேருந்தான் பாத்தீங்க.”

மூன்று மாதம் சிவப்பாக அழுத்தியவள் இப்போது அரூர் இடம் கிடைக்கத்தான் மறைக்கச் சொல்கிறாள் என்பது தங்கைக்கும் புரிந்திருக்க வேண்டும். அம்மாவின் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு அதை நகர்த்திவிட்டு ‘வந்தது’ என்பதை அழுத்தினாள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் போன் செய்து, மாத்திரைக்கு இரண்டு நாள் சிவப்பு இருப்பது ஏன் என்று விசாரித்திருக்கிறார். பண்டிகைக் கூட்டத்தில் கடைக்கு வாங்கப் போகாமல் விட்டது அப்போதுதான் வெளியே வந்தது. வலிப்பு வருகிற ஒருவர் அந்த வீட்டில் ஏற்கெனவே உண்டு என்றும், சொல்லாமல் விடுவதுதான் தங்களுக்குப் பயம் என்றும் சொன்னாராம். கார்த்திகை பாதியில் இடம் கிடைத்தது.

கொண்டுபோய் விட அம்மாவும் நானும் போனோம். டிரஸ்டில் தங்கைக்கென்று ஒரு போன் கொடுத்து, செயலியை அதற்கு மாற்றினார்கள். பதிவை வேறு யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டார் பிசியோதெரபிப் பெண். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தங்கை சொல்லி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

“அம்மாவுக்கு... வலிப்பு மட்டும் தெரியட்டுங்க. குளிச்சனா, தின்னனான்னு தெரிய வேணாம்.”

“தின்னியா இல்லியான்னு கூடவாடி?” என்றாள் அம்மா.

“போன் பண்ணிக் கேளு.”

“அண்ணனுக்குங்க?” என்றார் பிசியோதெரபிப் பெண்.

தங்கை என்னைப் பார்த்தாள். “அண்ணன் எல்லாத்தயும் எழுதி வெச்சுக்கும். ஒண்ணுங் காட்டாதீங்க.”

அம்மாவின் போனுக்கு இப்போது மாலையில் ஒரே ஒரு வரி வருகிறது. மற்றதை அவள் அழைத்துக் கேட்கிறாள். சில நாள் தங்கை போனை எடுப்பதில்லை.