ஏழாவது வரியில் ஒரு குமாஸ்தா

சித்தூரில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. பெரும்பாலும் தெலுங்கு வேலைதான்: அஃபிடவிட், வாடகை ஒப்பந்தம், வாரிசுச் சான்றுக்கான மனு. நகரிப் பக்கம் பிறந்து தமிழில் படித்தவள் என்பதால் தமிழும் அடிப்பேன். இரண்டையும் அடிக்கிற ஆள் அந்தச் சந்தில் நான் ஒருத்திதான். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு மேடம் என்னைத் தேடி வந்தார்.

அவர் திருப்பதியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். வீட்டில் தெலுங்கு, சித்தூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தமிழில் அடித்துத் தரச் சொல்லி அவர் நீட்டிய ஆங்கிலத் தாளைப் பார்த்ததும் ஜாதகம் என்று நினைத்தேன். கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டத்தில் பலம், ஒன்றில் அறிவு. கொஞ்சம் கீழே எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று கேட்டிருந்தது. அப்போது ஏதோ சர்வே படிவமோ என்று தோன்றியது. எந்த ஆபீசில் கொடுப்பதற்கு என்று கேட்டேன்.

"எந்த ஆபீசுக்கும் இல்லம்மா. வெளையாட்டுக்கு."

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்களாம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு மனிதராக இருந்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். அந்த மனிதரைப் பற்றிய விவரம்தான் இந்தத் தாள். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டேன். யாரும் ஜெயிப்பதில்லை என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். முடியவேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காத மனுக்களை நாள் முழுவதும் அடிக்கிறவள்தானே என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

தாளின் அடியில் ஓர் இணையதளத்தின் முகவரி இருந்தது. எங்கேயோ குளிர் நாட்டில் ஓய்வு பெற்ற ஒருவர், அந்த விளையாட்டின் மேலுள்ள பிரியத்தில், தன்னந்தனியாகப் பல வருடங்களாக நடத்தி வருகிற தளம். குகைகளின் வரைபடம், பூதங்களின் பட்டியல், சத்திரத்தில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதற்குக்கூட ஓர் அட்டவணை, எல்லாம் இலவசம். வெற்றுத் தாள்கள் பல மொழிகளில் இருந்தன. தமிழில் இல்லை. மேடத்தின் குழுவில் சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்த இரண்டு மாணவிகள் தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்களுக்காகத்தான் தமிழ்த் தாள்.

நான்கு நாள் ஆனது. சொற்களைவிட எழுத்துருதான் அதிகம் படுத்தியது. தளத்துக்காரருக்கு முதலில் அனுப்பியபோது அவருடைய கணினியில் எல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிந்ததாம். எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பதித்து மறுபடி அனுப்பினேன். அழகாக இருக்கிறது, ஒரு எழுத்தும் தெரியாது, என்று பதில் போட்டுத் தளத்தில் ஏற்றிவிட்டார்.

ஆபத்திலிருந்து தப்புவதற்காகப் பகடை உருட்டுவதை நான் 'சேமிப்பு வீச்சு' என்று அடித்திருந்தேன். ஆங்கிலத்தில் சேவிங் என்று இருந்தால் எனக்கு பேங்க்தான் ஞாபகம் வரும். அனுப்புவதற்கு முன்பே மேடம் அதைப் பார்த்துத் திருத்தினார். வேறு பிழை இல்லை என்று இருவரும் நம்பினோம்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்து பாரேன் என்று கூப்பிட்டார். பாகாலா வழியாகப் போகும் ரயிலில் திருப்பதி போனேன். அவர் வீட்டு ஹாலில் நான் அடித்த தாள்களை வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வில்லாளி. இன்னொருத்தி குமாஸ்தா. வில்லாளியின் காலில் ஓநாய் கடித்துவிட்டது. குமாஸ்தா போய்த் தொட்டதும் காயம் ஆறியது. குமாஸ்தாவுக்கு அந்தச் சக்தி எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லைதான். ஆனால் அந்த அறையில் எனக்குப் புரியாதது அது ஒன்று மட்டுமல்ல.

மாதங்கள் கழித்து அந்தத் தளத்தில் யாரோ ஒரு தெலுங்குத் தாளை ஏற்றியிருந்தார்கள். எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் திறந்தேன். தொழில்களின் பட்டியலில் ஏழாவது வரியில் 'பூஜாரி' என்று இருந்தது. என்னுடையதில் ஏழாவது வரி குமாஸ்தா. ஆங்கிலத்தை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். 'கிளெரிக்' என்று இருந்தது, அதாவது பூசாரி. நான் 'கிளர்க்' என்று படித்திருக்கிறேன். தினமும் நூறு முறை கிளர்க் என்று கேட்கிற காதுக்கு வேறெதுவும் விழாது போலிருக்கிறது.

என் தொழிலில் ஒரு சர்வே எண் தப்பினால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்குள் அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிடும்.  அதனால் அன்றைக்கே தளத்துக்காரருக்கு எழுதினேன். தப்பு என்னுடையது, தாளை எடுத்துவிடுங்கள், சரியானதை அனுப்புகிறேன் என்றேன்.

அவர் எடுக்கவில்லை. முதலில் இதைப் படியுங்கள் என்று ஒரு கடிதத்தை அனுப்பினார். அவருக்குத் தமிழில் வந்திருந்த கடிதம். ஏதோ பாராட்டு என்று மட்டும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் புரிந்துகொண்டிருந்தார். மலேசியாவிலிருந்து ஒரு தமிழ்க் குழு எழுதியிருந்தது. எட்டு மாதமாக என் தாளை வைத்து விளையாடுகிறார்களாம். அவர்களுடைய கதையில் குமாஸ்தா ஒரு பேரேடு வைத்திருக்கிறார். அடிபட்டவரின் பெயரை அதில் எழுதிவிட்டால், குமாஸ்தாவின் கையெழுத்து இல்லாமல் சாவு அவரைத் தூக்கிப்போக முடியாது. நம் மக்களுக்குப் பொருத்தமாக இப்படி ஒரு பாத்திரத்தைச் சிந்தித்து வைத்த அறிஞருக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள்.

அறிஞர் என்ற சொல்லை மூன்று முறை படித்தேன்.

பலமனேர் ரோட்டில் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை செய்கிற என் கணவர் சாப்பிட வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "இன்னாத்துக்கு மண்டைய ஒடைச்சிக்கினு கீற? கோர்ட்டு குமாஸ்தா யாரைக் காப்பாத்தினான்? எட்த்துட்டு பூசாரின்னு போடு," என்றார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, பூசாரி மட்டும் யாரைக் காப்பாற்றினார் என்று அவரே கேட்டார்.

மேடத்துக்கு போன் செய்தேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. தமிழில் அப்படித்தான் சொல்வார்கள் போல என்று அவரும் விட்டுவிட்டாராம். அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதானாம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் எழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் ஒரே சொல் இரண்டாகப் பிரிந்ததாம். அப்படியானால் நான் அடித்தது சரியா தப்பா என்று கேட்டேன்.

"தப்புதாம்மா," என்றார். "ஆனா ரொம்ப தப்புன்னு சொல்ல முடியல."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டதுபோல் உறுத்தியது. கடைசியில் மலேசியாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். நான் அறிஞர் இல்லை, கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவள், ஒரு சொல்லை மாற்றிப் படித்துவிட்டேன் என்று.

இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது, ஆனால் வேறொருவரிடமிருந்து. எழுதியவர் அந்தக் குழுவில் குமாஸ்தாவாக விளையாடுகிற ஓர் அம்மா. அங்கே ஒரு மருத்துவமனையில் இருபது வருடமாகப் பதிவு கவுன்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை எழுதுகிறவராம். பேரேடு என்ற யோசனை அவருடையதுதான். குழுவில் இதைப் பற்றிப் பேசினார்களாம். இனிமேல் முறைப்படி பூசாரி என்றே விளையாடலாம் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்களாம். எனக்கு அவர் கேட்டிருந்தது ஒரே கேள்வி. "அப்படியென்றால் உண்மையான விளையாட்டில் என்னைப் போன்ற ஆள் யாருமே இல்லையா?"

விதிகளின்படி இல்லை என்பதுதான் பதில். அதை அடித்து அழித்தேன். மறுபடி அடித்து மறுபடி அழித்தேன். வெளியே ஒரு பெரியவர் உயில் பிரதிக்காகக் காத்திருந்தார். கடைசியில், "இருக்கிறார் அம்மா, நான் அடித்திருக்கிறேன்," என்று மட்டும் அனுப்பினேன். அனுப்பிய பிறகு, இப்படிச் சொல்வதற்கு நான் யார் என்று குழம்பிக்கொண்டே அந்த உயிலில் இரண்டு தப்பு விட்டேன்.

தளத்தில் இப்போது இரண்டு தமிழ்த் தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் பூசாரி, ஒன்றில் குமாஸ்தா. இரண்டாவதன் கீழே சிறிய எழுத்தில், இது தட்டச்சில் வந்த பிழை, இதை வைத்தும் சிலர் விளையாடுகிறார்கள், என்று நானே எழுதிப் போட்டிருக்கிறேன். தளத்துக்காரர் அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, அடுத்து அந்தப் பூதப் பட்டியலையும் தமிழில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியும் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை பூதத்தை எதுவாக மாற்றப்போகிறேனோ தெரியாது.

மலேசியக் குழு பிரிந்ததா சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. அந்த அம்மா மட்டும் எப்போதாவது எழுதுகிறார். போன மாதம் ஒரு ராஜாவின் பெயரைப் பேரேட்டில் எழுத மறுத்துவிட்டதாகவும், வரிசையில் வரச் சொன்னதாகவும் எழுதியிருந்தார்.

திருப்பதிக்கு இப்போது நானும் மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன். இன்னும் எனக்கென்று தாள் எடுத்துக்கொள்ளவில்லை. ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். சென்ற முறை மாணவிகளில் ஒருத்தி பூசாரித் தாளை எடுத்தாள், மற்றவள் குமாஸ்தாவை விடவில்லை. கதையில் ஒரு படகோட்டி அடிபட்டு விழுந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, யார் முதலில் தொடுவது என்று சண்டை போட்டார்கள். மேடம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதில் ஒன்றும் இல்லை. மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தப் படகுக்காரரையே கேளுங்க," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மேடம் விதிப்புத்தகத்தை மூடினார். பிறகு குரலை மாற்றி, படகோட்டியாகவே முனக ஆரம்பித்தார்.