நானே புக் செய்த மதில்

வலியசாலை அக்ரஹாரத்தில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். தொண்ணூறுகளில் நகரத்துக்கு வெளியே, வித்துரா பஸ் போகும் சாலையில் வீடு கட்டிப் போனபோதுதான் எனக்கென்று ஒரு மதில் வந்தது. வெள்ளை அடித்து முடித்த அன்று நாலு தடவை வெளியே போய்ப் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்சிக்காரர்கள், விளம்பரம் வரைய இடம் பிடித்து, மதில் மூலையில் தங்கள் கட்சிப் பெயரைப் போட்டு ‘புக்ட்’ என்று எழுதிவிடுவார்கள். ஒருவர் பிடித்த மதிலை அடுத்தவர் தொடமாட்டார். நான் சும்மா இருப்பேனா? எவரும் வருமுன் நீலத்தைக் குழைத்து நானே ‘புக்ட்’ என்று எழுதினேன். கட்சிப் பெயர் மட்டும் போடவில்லை. மதில் தப்பியது.

தண்ணீர்தான் போயிற்று. எங்கள் கிணறு தோண்டி முடிந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சியின் கிணற்றில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். அவர், கட்டட வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பத்தில் இங்கேயே பிறந்தவர். கட்சி ஊர்வலத்தில் முதல் வரிசை. மதிலை எதிர்க்கட்சிக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சின்ன கேட்டைப் பூட்டிவிட்டார். எதிர்க்கட்சி வீடுகளும், சேச்சி கட்சிக்குக் கொடுத்துவிட்டேன் என்று கணக்குப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் தெருக்குழாயில் வரிசையில் நின்றதும் அது வடிந்தது. சாலையைச் சுற்றி அவர் வாசலுக்குப் போனேன்.

“சேச்சி, அது நான் எழுதினதாக்கும். ஒரு கட்சியும் இல்லை. மதில் வெள்ளையா இருக்கட்டும்னுதான்.”

அவர் சேனை நறுக்குவதை நிறுத்தினார். “மாமி எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருந்தா, நம்ம ஆளுக தொடாம நான் பாத்திருப்பேனல்லோ.”

கெட்டிக்காரத்தனமெல்லாம் போய் வெட்கமாக இருந்தது. “இப்போ நீங்களே வரைஞ்சுக்கோங்கோ,” என்றேன்.

“நானோ? இருபது வருஷமா போஸ்டருக்குப் பசை காய்ச்சுறேன். பிரஷ் ஒருத்தனும் தந்ததில்ல.”

அன்றே பிரஷ் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். கேட்டின் பூட்டைக் கழற்றிவிட்டு வந்தார். கட்சிச் சின்னத்தை வரைய ஒரு மணி நேரம் ஆயிற்று. முகத்தில் நீலம் அப்பியது கூட அவருக்குத் தெரியவில்லை. சின்னம் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது.

மறுநாள் கட்சி ஆட்கள் அதைத் திருத்த வந்தார்கள். தொடவிடாமல் திருப்பி அனுப்பினேன். அந்தக் கட்சிக்கு நான் ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் தேர்தல் முடியும்வரை, சின்னம் கோணலாக இருக்கிறது என்று சொன்ன ஒவ்வொருவரிடமும் நேராகத்தான் இருக்கிறது என்று சண்டை போட்டேன்.